தவக்கஃப: தயக்கமா, தரிப்பா?

அரபு மூலத்திலிருந்து தமிழுக்கு வந்துள்ள ஃபிக்ஹு நூல்களையும் இமாம்களின் வரலாறுகளையும் பயில்வோர், ‘இவ்விஷயத்தில் இமாம் அவர்கள் தயங்கினார்கள்’ என்னும் தொடரை அடிக்கடி எதிர்கொண்டிருப்பர். படித்தவுடன் நம் மனக்கண்ணில் எழும் காட்சி யாது? கேள்வி கேட்டவர் எதிரே அமர்ந்திருக்கிறார், இமாம் சொல்லலாமா, வேண்டாமா என்று தடுமாறுகிறார், துணிவு வரவில்லை. மூலத்தில் அவ்விடத்தில் நிற்கும் வினைச்சொல் ‘தவக்கஃப’ என்பதாகும். அச்சொல் இத்தகைய காட்சியைத் தருவதில்லை. அது ஓர் அறிஞரின் செயலைக் குறிக்கிறது. தமிழில் அது அவருடைய பலவீனமாக மாறிவிடுகிறது.

அண்மையில் நண்பர் ஒருவரின் மொழிபெயர்ப்புப் படியை மூலத்துடன் ஒப்புநோக்கும் பணி எனக்கு வாய்த்தது. உழைப்பும் பக்தியும் நிறைந்த மொழிபெயர்ப்பு அது. எனினும் இந்த ஒரு வினை, சில இடங்களில் ‘தயங்கினார்’ என்றும், வேறு சில இடங்களில் ‘கருத்துக் கூறவில்லை’ என்றும், ஓரிடத்தில் ‘சந்தேகப்பட்டார்’ என்றும் பெயர்க்கப்பட்டிருந்தது. இம்மூன்றும் மூன்று வெவ்வேறு நிலைகள். மூலம் சுட்டுவதோ நான்காவதொரு நிலை. இக்கட்டுரை அந்த ஒப்புநோக்கலில் பிறந்தது.

‘வகஃப’ என்ற வேர்ச்சொல்லின் நேர்ப்பொருள் ‘நின்றான்’ என்பதாகும். அதன் கிளைகள் நமக்குப் புதியவை அல்ல. வக்ஃபுச் சொத்து இல்லாத முஸ்லிம் ஊர் தமிழகத்தில் அரிது. விற்கவும் அன்பளிப்பாக வழங்கவும் வாரிசுகளுக்குப் பிரிக்கவும் இயலாதவாறு ஒரு சொத்தின் உரிமை நகராமல் நிறுத்தப்படுவதால் அதற்கு அப்பெயர். அறிவிப்பாளர் தொடர் நபி (ஸல்) அவர்கள்வரை செல்லாமல் நபித்தோழரோடு நின்றுவிட்டால் அந்த ஹதீஸ் ‘மவ்கூஃப்’. ஹஜ்ஜின் உச்சமான அரஃபா நாளின் கடமை ‘வுகூஃப்’. இந்தக் கடைசிச் சொல்லில் ஒரு நுட்பம் உண்டு. அரஃபாவில் காலூன்றி நிற்பது கட்டாயமன்று. உட்கார்ந்தவரும் படுத்தவரும் அந்த எல்லைக்குள் உரிய நேரத்தில் இருந்தாலே கடமை நிறைவேறிவிடும். ஆகவே வேரின் உயிர் கால்களில் இல்லை; கடந்து போகாமல் ஓரிடத்தில் இருப்பதில்தான் இருக்கிறது.

அரபு வினைகள் தம்மோடு சேரும் இடைச்சொல்லுக்கேற்பப் பொருள் மாறும். ‘வகஃப அலா’ என்றால் ஒன்றை அறிய வந்தான், அதன்மீது கண்பட்டான் என்று பொருள். ஹதீஸ் ஆய்வாளர்கள் ஓர் அறிவிப்பின் மூலத்தைத் தேடிக் காணாதபோது ‘லம் அகிஃப் அலைஹி’ என்று எழுதுவர். அந்த அறிவிப்பு இல்லை என்று அவர்கள் சொல்வதில்லை. அதனிடம் நான் போய்ச் சேரவில்லை என்றே சொல்கிறார்கள். ‘வகஃப இன்த’ என்றால் ஓர் எல்லையருகே வந்து அதைத் தாண்டாமல் நின்றான். கலீஃபா உமர் (ரலி) அவர்களைப் பற்றி இப்னு அப்பாஸ் (ரலி) கூறும் செய்தி புகாரியில் உள்ளது. உயைனா இப்னு ஹிஸ்ன் என்பவர் கலீஃபாவின் முகத்துக்கு நேரே, நீர் நிறைவாகக் கொடுப்பதுமில்லை, நீதியாகத் தீர்ப்பதுமில்லை என்று பேசிவிடுகிறார். உமர் சினந்து அவரைத் தண்டிக்க முனைகிறார். உயைனாவின் சகோதரர் மகன் அல்-ஹுர் இப்னு கைஸ், அறிவிலிகளைப் புறக்கணிக்குமாறு பணிக்கும் அல்அஃராஃப் அத்தியாயத்தின் 199ஆம் வசனத்தை ஓதுகிறார். உமர் அதற்குமேல் ஓர் அடி வைக்கவில்லை. இங்கே அவரைக் குறிக்க இப்னு அப்பாஸ் பயன்படுத்தும் சொல் ‘வக்காஃப்’, அதாவது நிற்பதையே இயல்பாகக் கொண்டவர். உமரை எவரேனும் தயங்குபவர் என்று மொழிபெயர்ப்பாரா?

‘தவக்கஃப’ இதே வேரின் ஐந்தாம் வாய்பாடு. இவ்வாய்பாட்டில் வரும் பல வினைகள், ஒரு செயல் தன்மீது நிகழ இடங்கொடுப்பதைக் குறிக்கும்; வேறு பல, ஒன்றை முயன்று தன்மீது ஏற்றுக்கொள்வதைக் குறிக்கும். நிறுத்தியபோது நின்றான் என்பது முதல் வகை. இலக்கணிகள் நம் வினையை இவ்வகையில் வைப்பதே வழக்கம். ஆயினும் இமாம்களைப் பற்றிய இடங்களில் இரண்டாவதன் சாயலும், தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும் முயற்சியும் சேர்ந்தே என் செவியில் விழுகிறது. ‘தவக்கஃப ஃபீ’ என்றால் ஒரு விஷயத்தில் முடிவுரைக்காமல் நின்றார். ‘தவக்கஃப அன்’ என்றால் ஒன்றைச் செய்வதிலிருந்து நின்றார். ‘தவக்கஃப அலா’ என்பது, குறிப்பாக இன்றைய அரபில், ஒன்று மற்றொன்றைப் பொறுத்திருக்கிறது என்னும் பொருளில் வருகிறது. இம்மூன்றையும் ஒரே சொல்லால் பெயர்க்க முனைவது வீண்.

இனி ‘தயங்கு’ என்ற நம் சொல்லை நோக்குவோம். பழந்தமிழில் அதற்கு அசைதல், ஒளிர்தல் என்ற பொருள்கள் உண்டு. அலையும் தயங்கும், அணிகலனும் தயங்கும். அசையும் பொருள் ஒளியை அங்குமிங்கும் சிதறச்செய்வதால் இரு பொருள்களும் ஒன்றையொன்று ஒட்டி வந்திருக்கலாம். மனம் இப்படியும் அப்படியும் அசைவதைக் குறிக்க அச்சொல் பின்னர் நிலைத்தது. அதற்கு நேரான அரபுச் சொல் ‘தரத்தத’ ஆகும். திருப்புதல் என்னும் பொருளுள்ள வேரிலிருந்து வரும் அது, போவதும் திரும்புவதுமாக இருத்தலைக் குறிக்கும். ஓரிடத்துக்கு அடிக்கடி வந்துபோவதற்கும் அரபியர் இதே சொல்லை ஆள்வர். ஆகவே ‘தயங்கினார்’ என்பது பிழையான தமிழன்று. வேறோர் அரபு வினைக்குரிய தமிழ். ஒன்று அசைவு, மற்றது அசைவின்மை. ‘தவக்கஃப’ என்பதற்குத் ‘தயங்கினார்’ என எழுதும்போது நின்றவரை ஆடவைத்துவிடுகிறோம்.

‘சந்தேகப்பட்டார்’ என்பதும் பொருந்தாது. இமாமுல் ஹரமைன் அல்-ஜுவைனீ (மறைவு ஹி. 478 / கி.பி. 1085) எழுதிய ‘அல்-வரகாத்’, உஸூல் கலையைத் தொடங்குவோர் பாடம் கேட்கும் சிறு நூல். இரு சாத்தியங்களில் எதற்கும் மேலெடை இல்லாத மனநிலையையே அது ‘ஷக்கு’ என வரையறுக்கிறது. ஒன்றுக்கு மேலெடை உண்டானால் அது ‘ளன்’. ஷக்கு என்பது மனத்தில் நேர்வது. யாரும் முயன்று ஷக்கு கொள்வதில்லை. தவக்குஃப் ஒருவர் செய்வது. ஷக்கு நிறைந்த மனத்தோடு துணிந்து தீர்ப்புச் சொல்வோரை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். ஒரு பக்கம் ஓரளவு மேலெடை தென்பட்டும், அது போதாதென்று கருதி நிற்போரும் உண்டு. முன்னவரிடம் ஷக்கு உண்டு, தவக்குஃப் இல்லை. பின்னவரிடம் தவக்குஃப் உண்டு, ஷக்கு இல்லை.

‘கருத்துக் கூறவில்லை’ என்பது மௌனம். அதற்கு ‘ஸகத்த’ என்ற தனிச்சொல் இருக்கிறது. மௌனமாக இருந்தவர்மீது எக்கருத்தையும் ஏற்றலாகாது என்பது இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் பெயரால் வழங்கும் விதி. தவக்குஃப் செய்தவரோ பேசிவிட்டார். ஆராய்ந்தேன், இவ்விடம்வரை வந்தேன், இதற்கப்பால் எனக்கு வழி தெரியவில்லை என்பது அவருடைய கூற்று. அவர் பெயரால் அதை ஒரு கருத்தாகவே பதிவு செய்கிறார்கள்.

ஹனஃபி சட்டநூல்களில் சத்தியம் பற்றிய பாடத்தில் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. இன்னவனோடு ஒரு ‘தஹ்ர்’ பேசமாட்டேன் என்று ஒருவர் சத்தியம் செய்கிறார். தஹ்ர் என்றால் காலம். எவ்வளவு காலம்? சுட்டு அடை சேர்ந்து ‘அத்-தஹ்ர்’ என்றால் என்றென்றும் என்பதில் சிக்கலில்லை. அடையின்றி வந்தால்? மாணவர்களான அபூயூசுஃபும் முஹம்மதும் ஆறு மாதம் என்று கணக்கிட்டனர். ஆசிரியர் அபூஹனீஃபா (ரஹ்), அது எவ்வளவென்று எனக்குத் தெரியாது என்றார். மார்க்கத்தின் பெரும் புதிர் ஒன்றிலன்று, ஓர் அன்றாடச் சொல்லின் அளவில் அவர் நின்றார் என்பதே இதில் என்னைக் கவர்வது. மக்கள் அச்சொல்லை எந்த அளவில் வழங்குகிறார்கள் என்பதற்கு உறுதியான சான்று அவருக்குக் கிட்டவில்லை. ஒருவருடைய சத்தியம் முறிந்ததா, பரிகாரம் கடமையாயிற்றா என்பது அந்த அளவைச் சார்ந்திருக்கிறது. பிறர் கழுத்தில் விழும் சுமையை ஊகத்தால் நிர்ணயிக்க அவர் உடன்படவில்லை. மொழிபெயர்ப்பில் இவ்விடம் ‘தஹ்ர் பற்றி அபூஹனீஃபா தயங்கினார்’ என்று இருந்தது. மாணவர்கள் துணிந்தார்கள், ஆசான் தயங்கினார் என்றே தமிழ் வாசகர் விளங்கிக்கொள்வார்.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் 48 கேள்விகள் கேட்கப்பட்டன. 32க்கு அவர் ‘லா அத்ரீ’, தெரியாது, என்றே விடையளித்தார் என்றோர் அறிவிப்பு பரவலாக எடுத்தாளப்படுகிறது. நம் மேடைகளில் இது பணிவுக்கு உதாரணமாகச் சொல்லப்படுகிறது. பணிவும்தான். ஆனால் அதைப் பணிவோடு நிறுத்திவிட்டால், அந்த விடைகள் ஓர் ஆய்வின் முடிவுகள் என்பது மறைந்துவிடும்.

தவக்குஃபின் உட்பொருளை மிகக் கூர்மையாகச் சொன்னவர் ஹதீஸ் கலைப் பேரறிஞர் இப்னு ஹஜர் அல்-அஸ்கலானீ (மறைவு ஹி. 852 / கி.பி. 1449) எனலாம். ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும் இரு ஆதாரபூர்வமான ஹதீஸ்களை என்செய்வது? இணைக்க முடிந்தால் இணைக்கவேண்டும். இயலாதபோது எது முந்தியது, எது பிந்தியது என்று பார்க்கவேண்டும். அதுவும் தெரியாவிடின் ஒன்றுக்கு வலுவைத் தேடவேண்டும். எதுவும் கைகொடுக்காத இடத்தில் தவக்குஃப். இவ்விடத்தைச் சிலர் ‘தஸாகுத்’, அதாவது இரண்டும் விழுந்துவிட்டன, என்ற சொல்லால் குறிப்பர். ‘நுஸ்ஹத்துந் நளர்’ நூலில் இப்னு ஹஜர், தவக்குஃப் என்ற சொல்லே அதனினும் ஏற்றது என்று தேர்ந்து காரணமும் கூறுகிறார். வலு புலப்படாமை இப்போது நோக்குகின்ற இந்த ஆய்வாளரைப் பொறுத்தது. அவருக்கு மறைந்திருப்பது வேறொருவருக்குத் துலங்கலாம் என்பது அவர் விளக்கத்தின் சாரம்.

எழுவாய் யார் என்பதுதான் இங்கே முழு வேறுபாடும். ‘விழுந்துவிட்டன’ என்ற வினைக்கு எழுவாய் ஹதீஸ்கள். ‘நின்றார்’ என்பதற்கு எழுவாய் ஆய்வாளர். குறை ஆதாரத்தில் இல்லை, நோக்குபவரின் இன்றைய நிலையில் இருக்கிறது என்பதை ஒரு வினையின் தேர்விலேயே உணர்த்திவிடுகிறார். இதே உணர்வை ஹனஃபி மரபில் அபூ தாஹிர் அத்-தப்பாஸ் என்ற அறிஞரிடமும் காண்கிறோம். கழுதை குடித்து மீந்த தண்ணீரை ‘ஐயத்துக்குரியது’ எனப் பெயரிடும் வழக்கை அவர் ஏற்கவில்லை. ஷரீஅத்தின் சட்டம் எதுவும் தன்னளவில் ஐயத்துக்குரியதாக இருக்கவியலாது, பேணுதல் என்பதே இதன் பொருள் என்றார். அந்தத் தண்ணீர் மட்டுமே இருக்குமாயின் அதனால் உளூவும் செய்து தயம்முமும் செய்யவேண்டும் என்பது ஹனஃபி சட்டம். கவனியுங்கள்: முடிவு நிற்கிறது, தொழுகை நிற்கவில்லை. நாவை நிறுத்தியவர் கைகால்களுக்கு இருமடங்கு வேலை கொடுக்கிறார். தயக்கத்தில் இது நிகழாது. தயங்குபவர் நேரத்தைத் தவறவிடுவார்.

தமிழ் இதற்கு வக்கற்ற மொழியன்று. தொலைவில் தோன்றும் உருவம் ஆணா பெண்ணா எனத் தெளியாத வேளையில் எந்த வாய்பாட்டால் பேசுவது என்பதற்குத் தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் விதி வகுத்திருக்கிறது. ஐயக்கிளவி என்றே அதற்குப் பெயர். தெரியாததைத் தெரிந்ததுபோல் கூறாமல், பேசவும் செய்வதற்கான வழி அது. ஐயத்தை இலக்கணத்துக்குள் ஒழுங்குபடுத்திய மொழியில் தவக்குஃபுக்குச் சொல் இல்லை என்பது நம் தேடலின் குறையே.

குர்ஆன் ஓதுவோர் நிற்றலின் வலிமையை நாள்தோறும் உணர்கிறார்கள். நம் பகுதியில் அச்சாகும் பிரதிகளில் காணப்படும் ‘மீம்’, ‘தா’, ‘ஜீம்’, ‘லா’ முதலிய நிறுத்தக் குறிகள் பெரும்பாலும் அஸ்-ஸஜாவந்தீ (மறைவு ஹி. 560 / கி.பி. 1165) வகுத்த முறையைச் சேர்ந்தவை. அல்பகரா அத்தியாயத்தின் இரண்டாம் வசனத்தில் மும்மூன்று புள்ளிகள் இரண்டு இடங்களில் இருக்கும். ஒன்றில் நின்றால் மற்றதில் நிற்கலாகாது. முதலாவதில் நின்றால் ‘இதில் வழிகாட்டல் உண்டு’ என்றும், இரண்டாவதில் நின்றால் ‘இதில் ஐயமில்லை’ என்றும் தொடர் பிரியும். ஐயமின்மையைக் கூறும் வசனத்திலேயே எங்கே நிற்பதென்ற தெரிவு ஓதுபவருக்கு விடப்பட்டிருக்கிறது. இதனினும் பெரியது ஆலு இம்ரான் ஏழாம் வசனம். பொருள் தெளிவற்ற வசனங்களின் விளக்கத்தை அல்லாஹ்வைத் தவிர எவரும் அறியார் என்று நிறுத்துவதா, அறிவில் ஆழ்ந்தோரையும் சேர்த்து ஓதி அவர்களும் அறிவர் என்று கொள்வதா? இரு போக்குகளும் இப்னு அப்பாஸ் அவர்களின் பெயராலேயே அறிவிக்கப்படுகின்றன. மூச்சை எங்கே விடுகிறோம் என்பது ஓர் அறிவுக் கோட்பாட்டையே தீர்மானிக்கிறது.

உஸூல் அறிஞர்களிடையே இவ்வினை ஒரு பெருவிவாதமாகவும் வளர்ந்தது. ‘செய்’ என்னும் ஏவல் வடிவம், சூழல் குறிப்பு எதுவும் இல்லாத நிலையில், கடமையைக் குறிக்குமா, விருப்பத்துக்குரியதைக் குறிக்குமா? அல்-பாகில்லானீ (மறைவு ஹி. 403 / கி.பி. 1013) இதில் தவக்குஃபை ஏற்றார். கஸ்ஸாலியும் ‘அல்-முஸ்தஸ்ஃபா’வில் அப்பக்கமே சாய்கிறார். ஸ்பெயினின் இப்னு ஹஸ்ம் (மறைவு ஹி. 456 / கி.பி. 1064) இவர்களைக் கடுமையாகச் சாடினார். இறைவனின் கட்டளைக்கு முன் நின்றுகொண்டிருப்பதா என்பது அவருடைய ஆத்திரம். வடிவத்தை மட்டும் தனித்தெடுத்த ஓர் ஆய்வுக் கேள்வி இது என்பதையும், இவ்வறிஞர்கள் எவரும் தொழுகைக் கட்டளையில் தவக்குஃப் செய்யவில்லை என்பதையும் கருதினால் அவர் வேகம் சற்று மிகையே. ஆனால் அவர் எழுப்பிய கேள்வியை ஒதுக்கவியலாது. நிற்பது எப்போதும் நல்லதா?

இல்லை என்பதற்கு இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (மறைவு ஹி. 241 / கி.பி. 855) சான்று. அவருடைய மாணவர்கள் தொகுத்த ‘மஸாஇல்’ நூல்களில் ‘தெரியாது’ என்ற விடை திரும்பத் திரும்ப வருகிறது. அவர் விடையளித்த சொற்களின் பொருளை ஆராயவே இப்னு ஹாமித் என்ற ஹன்பலி அறிஞர் பிற்காலத்தில் தனியே ஒரு நூல் எழுதினார். அத்துணைப் பேணுதலுள்ள அதே அஹ்மத், குர்ஆன் படைக்கப்பட்டதா என்ற விவாதத்தில் தவக்குஃபை ஏற்கவில்லை. ஹி. 218 (கி.பி. 833) இல் கலீஃபா அல்-மஃமூன் அறிஞர்களை விசாரணைக்கு உட்படுத்தத் தொடங்கினார். அல்-முஃதஸிம் காலத்தில் அஹ்மத் கசையடி பட்டார். அக்காலத்தில், குர்ஆன் அல்லாஹ்வின் பேச்சு என்று மட்டும் கூறி, படைக்கப்பட்டதென்றோ அல்லவென்றோ சொல்லாமல் நின்றோர் ‘வாகிஃபா’ எனப்பட்டனர். யஃகூப் இப்னு ஷைபா போன்ற பெரும் ஹதீஸ் அறிஞரும் அவர்களில் இருந்தார். எனவே அனைவரையும் கோழைகள் எனல் நியாயமன்று. எனினும் அஹ்மத் அவர்களை மிகக் கடுமையாகக் கண்டித்தார். தமக்குத் தெளிவாகிவிட்ட ஒன்றில், அதிகாரம் வாயைத் திறக்கச் சொல்லி வற்புறுத்தும் வேளையில், நிற்பது அவர் பார்வையில் ஆய்வாகத் தோன்றவில்லை, ஒதுங்கலாகத் தோன்றியது. வேர் ஒன்றே, செயலும் ஒன்றுபோலவே தெரிகிறது. ஓரிடத்தில் அவர் தாமே அதைக் கைக்கொள்கிறார், மற்றோரிடத்தில் எதிர்க்கிறார்.

அல்குர்ஆனிலும் இந்த வேறுபாட்டைக் காண்கிறேன். அல்ஹுஜுராத் ஆறாம் வசனம், நம்பத்தகாதவன் கொண்டுவரும் செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்ளப் பணிக்கிறது. நாம் ஓதும் ஹஃப்ஸ் ஓதலில் அச்சொல் ‘ஃபதபய்யனூ’, தெளியுங்கள். ஹம்ஸா, கிஸாஈ ஆகியோரின் ஓதலில் ‘ஃபதஸப்பதூ’, நிலையாக நின்று உறுதிப்படுத்துங்கள். நின்றலும் தெளிதலும் ஒரே கட்டளையின் இரு ஓதல்கள். ஆனால் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்மீது அவதூறு கிளம்பியது பற்றிப் பேசும் அந்நூர் பன்னிரண்டாம் வசனம் வேறொன்றைக் கேட்கிறது. நம்பிக்கையாளர்கள் பொறுத்திருந்து விசாரிக்கவில்லை என்று அது குறைகூறவில்லை. கேட்டவுடனேயே நல்லெண்ணம் கொண்டு, இது வெளிப்படையான அவதூறு என்று ஏன் சொல்லவில்லை என்றே வினவுகிறது. ஒருவரின் மானம் சந்தையில் ஏலம் போகும்போது, ‘நமக்கென்ன தெரியும், இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்’ என்று நிற்பவர் நடுநிலையில் நிற்கவில்லை. கைப்பேசியில் வந்த வதந்தியைப் பிறருக்கு அனுப்பிவிட்டு ‘உண்மையா தெரியவில்லை’ என்று ஒரு வரியைச் சேர்ப்போர், அந்த வரியைத் தவக்குஃப் என்று கருதிக்கொள்ளலாகாது.

ஆக, ஒரே தமிழ்ச் சொல்லை எல்லா இடத்துக்கும் பரிந்துரைக்க என்னால் இயலவில்லை. ஆயினும் இமாம்களின் தவக்குஃபுக்கு ஒரு சொல்லை முன்வைக்கிறேன். இலங்கைத் தமிழர் பேருந்து நிற்குமிடத்தைத் ‘தரிப்பிடம்’ என்பர். அங்குள்ள முஸ்லிம்கள் அரஃபாவின் வுகூஃபையும் ‘தரித்தல்’ என்று வழங்கக் கேட்கலாம். தரித்தலுக்குத் தங்குதல், நிலைபெறுதல் என்பதோடு தாங்குதல், பொறுத்தல் என்ற பொருளும் உண்டு. ‘தரிக்கமுடியவில்லை’ என்ற வழக்கில் அது இன்றும் வாழ்கிறது. அறியாமையின் பாரத்தை இறக்கிவைக்க ஏதேனுமொரு பதிலைச் சொல்லிவிடாமல், அதைத் தாங்கியபடி ஓரிடத்தில் இருத்தல் என்ற பொருள் இச்சொல்லில் இயல்பாகக் கிட்டுகிறது. உடை தரித்தல், கருத்தரித்தல் என்றே பழகிய தமிழகச் செவிகளுக்கு இது நெருடும் என்ற மறுப்பு நியாயமானதே. ‘முடிவுரைக்காது தரித்து நின்றார்’ என விரித்தெழுதினால் அந்நெருடல் பெரிதும் நீங்கும். வாகிஃபாவினரைக் குறிக்க இச்சொல்லை நான் ஆளமாட்டேன். அங்கே ‘பிடிகொடாமல் நின்றனர்’ என்பதே அஹ்மத் அவர்களின் குரலுக்கு அருகில் வருகிறது. அவர்களின் சொந்த நோக்கிலிருந்து எழுதுபவர் வேறு சொல்லைத் தேடவேண்டியிருக்கும்.

நண்பரின் படியில் இவ்வாறே திருத்திக் கொடுத்தேன். அபூஹனீஃபா அவர்களைப் பற்றிய இடத்தில் ‘தயங்கினார்’ என்பதை அடித்துவிட்டு, ‘தஹ்ரின் அளவு யாதெனத் தமக்குத் தெரியாது என அறிவித்து, அதற்குமேல் முடிவுரைக்காது தரித்து நின்றார்’ என்று எழுதினேன். வாக்கியம் நீண்டுவிட்டது என்று நண்பர் குறைப்பட்டார். அது மெய்தான். மூலத்தில் ஒரே சொல்.